குழந்தையின் மூளையும் பூனைக்குட்டியின் கண்ணும்

உயிர்க்கு ஊறு விளைவது மூன்று வாயில்களால் என்று நம் ஆன்றோர் வகுத்துக் காட்டினர். தானே செய்தல், பிறரை ஏவிச் செய்வித்தல், பிறர் செய்ததற்கு உள்ளத்தால் உடன்படுதல் என்பன அவை. முதல் இரண்டும் கண்ணுக்குப் புலப்படுவன, விலக்கிக்கொள்ள முயலலாம். மூன்றாவதாகிய உடன்பாடே இல்லறத்தாராகிய நமக்கு இடர் தருவது. அது கையால் நிகழ்வதன்று, நெஞ்சில் நிகழ்வது. நிகழ்ந்து முடிந்த பின்னும், நிகழ்ந்ததா இல்லையா என்பது நமக்கே தெளிவாவதில்லை. இவ்வுடன்பாடு குறித்த ஓர் ஐயம் பதினோராண்டுகளாக என் நெஞ்சை விட்டு அகலவில்லை. குழந்தையின் மூளை எவ்வாறு வளர்கிறது என்று அறிய முற்பட்டவர்களின் வரலாற்றைப் படித்ததனால் வந்த ஐயம் அது. முற்றும் தீர்ந்தது என்று சொல்ல இயலாது. ஆயினும் அன்பர்கள் முன் வைத்தல் தகும் என்று கருதுகிறேன்.

வந்தவாசியை அடுத்த எங்கள் சிற்றூரில் என் தங்கைக்கு முதற்பேரன் பிறந்தான். பிறந்த சில நாள்களிலேயே அவன் கருவிழிகள் இரண்டின் நடுவிலும் பால் துளி படிந்தாற்போல ஒரு வெண்மை தென்பட்டது. விளக்கைக் காட்டினால் முகம் திருப்புவான். தாயின் முகத்தை மட்டும் நாடவில்லை. சென்னையில் ஒரு கண் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். பிறவிக் கண்புரை என்றும், எட்டு வாரம் நிறைவதற்குள் அறுவை செய்தாக வேண்டும் என்றும் மருத்துவர் கூறினார். தங்கை நடுங்கிப்போனாள். "அண்ணா, பிள்ளைக்கு இன்னும் கழுத்தே நிற்கவில்லை. அதற்குள் கத்தி வைப்பதா? ஐந்து வயதாகட்டும் என்று சொல்லக்கூடாதா?" என்று என்னைக் கேட்டாள். வீட்டு மூத்தவர் ஒருவர், இது தரிசனாவரணீய கர்மத்தின் உதயம், அவசரப்பட்டு ஆவதென்ன என்றார்.

எனக்கும் அவர்கள் பக்கமே சாய்வு இருந்தது. என் தமையனார் கண்புரையோடு ஆறாண்டுகள் காலம் தள்ளி, எழுபது வயதில் அறுவை செய்துகொண்டு, மறு வாரமே செய்தித்தாள் படித்தவர். முதியவர்க்குக் காத்திருக்கும் புரை, குழந்தைக்கு ஏன் காத்திருக்கக் கூடாது? இதனை மருத்துவரிடமே கேட்டேன். அவர் பொறுமையுடன் சொன்ன மறுமொழி இன்றும் செவியில் உள்ளது. "ஐயா, கண் காத்திருக்கும். மூளை காத்திருக்காது."

ஏழாம் வாரத்தில் ஒரு கண்ணிலும், அடுத்த வாரம் மறு கண்ணிலும் அறுவை நடந்தது. தலையைச் சுற்றிக் கட்டும் தடித்த கண்ணாடியோடு அவன் தவழ்ந்தான், நடந்தான். இன்று ஆறாம் வகுப்பில் முதல் வரிசையில் அமர்ந்து படிக்கிறான். மாலையில் பந்து விளையாடுகிறான். பந்து வருவது அவனுக்குத் தெரிகிறது.

பள்ளியாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் ஆதலின், மருத்துவரின் அந்த ஒரு வாக்கியம் எவ்வாறு அறியப்பட்டது என்று தேடிப் படித்தேன். படிக்காமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில், டேவிட் ஹியூபல், டார்ஸ்டென் வீசல் என்னும் இருவர் 1963இல் சில ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டனர். பூனைக்குட்டிகள் பிறந்த ஒரு வாரம், பத்து நாள் அளவில் கண் திறப்பவை. அவ்வாறு திறக்கும் முன்னரே ஒரு கண்ணின் இமைகளைச் சேர்த்துத் தைத்துவிட்டனர். இரண்டு மூன்று மாதம் கழித்துத் தையலைப் பிரித்தனர். கண்ணில் யாதொரு குறையும் இல்லை. ஒளி உட்புகுந்தது, விழித்திரை வேலை செய்தது. ஆயினும் அந்தக் கண்ணால் குட்டி எதையும் காணவில்லை. மூளையின் பார்வைப் புறணியில் நுண்ணிய மின்முனையைச் செலுத்திப் பார்த்தபோது, அங்குள்ள நரம்பணுக்கள் ஏறத்தாழ எல்லாம் திறந்திருந்த கண்ணுக்கே பணி செய்தன. மூடியிருந்த கண்ணுக்கு உரிய இடத்தை மற்றது கைக்கொண்டுவிட்டது. வளர்ந்த பூனைக்கு அதே போல் கண்ணை மூடி வைத்துத் திறந்தால் இவ்விளைவு இல்லை. ஆகவே இளமையில் ஒரு குறிப்பிட்ட பருவம் உண்டு. அப்பருவத்தில் ஒளி வந்து சேராவிட்டால், பின்னர் வந்தும் மூளை அதனை ஏற்பதில்லை என்பது புலனாயிற்று. குரங்குக் குட்டிகளிடத்தும் பின்னர் இதனைக் கண்டனர். 1981ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசில் பாதி இவ்விருவர்க்கும் வழங்கப்பட்டது.

பிறவிக் கண்புரையை வயது வரட்டும் என்று ஒத்திப்போட்டு வந்த மருத்துவ வழக்கம் இதன் பின்னரே மாறியது. முதல் சில வாரங்களிலேயே அறுவை செய்தல் நெறியாயிற்று. மாறுகண் உடைய குழந்தைகளுக்கு நல்ல கண்ணை மறைத்துச் சோம்பிய கண்ணுக்கு வேலை கொடுக்கும் சிகிச்சையையும் இளமையிலேயே தொடங்க வேண்டும் என்பது வலுப்பெற்றது. என் தங்கையின் பேரன் இன்று பந்து விளையாடுவது இந்த அறிவினால்தான். சுற்றி வளைக்காமல் சொல்வதானால், அவன் கண் திறந்திருப்பதற்காக அந்தக் குட்டிகளின் கண்கள் மூடப்பட்டன.

அந்த ஆய்வாளர்களை அரக்கர் என்று சித்திரித்து நாம் விலகிக்கொள்வது எளிது, அது நேர்மையாகாது. மயக்க மருந்து கொடுத்தே தைத்தனர், மயக்க நிலையிலேயே மூளையை ஆராய்ந்தனர். பிறவிக் கண்புரை உடைய குழந்தைகள் அறுவைக்குப் பின்னும் பார்வை பெறாமற் போவதை மருத்துவர்கள் கண்டு கலங்கியிருந்தனர். அந்தக் கலக்கமும் அவ்வாய்வைத் தூண்டியவற்றுள் ஒன்று. ஆனாலும் உழவன் ஏர் பூட்டும்போது மண்ணில் மடியும் புழுவைப் போன்றதன்று அந்தக் குட்டியின் துன்பம். உழவன் புழுவை நாடிச் செல்வதில்லை. இங்கே குறையுடைய ஓர் உயிரை உண்டாக்குவதே நோக்கம். அதனைச் சங்கல்ப ஹிம்சை என்பதைத் தவிர வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால், அதன் பயனை ஏற்றுக்கொண்ட நாங்கள் உடன்பட்டவர்கள் ஆகிறோமா? இதுவே என் ஐயம்.

முதலில் நினைவுக்கு வருவது புலால் மறுத்தலில் வள்ளுவர் காட்டும் வழக்கு. நான் கொல்லவில்லை, விலைக்குத்தான் வாங்கினேன் என்று சொல்பவனை அவர் விடுவதில்லை. வாங்குவோர் இல்லையேல் விற்போரும் இல்லை. நீலகேசியும் பௌத்தரோடு இதே பொருளில் வாதிட்டாள். இந்த வாதத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பிறருக்கு எடுத்துச் சொல்லி வந்த நாம், நம் வீட்டுப் பிள்ளை என்று வந்தவுடன் "நாங்களா தைத்தோம்?" என்று கேட்டால், கேட்பவர் நகைப்பர்.

நெடுநாள் எண்ணிய பின் எனக்குத் தோன்றியது இது. ஊனுக்கும் அறிவுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. உண்ட ஊன் தீர்ந்துபோகிறது. நாளைய உணவுக்கு நாளை மற்றோர் உயிர் மடிய வேண்டும். எனவே வாங்குபவன் அடுத்த கொலைக்கு ஆணை இடுகிறான். அறிவோ உண்ணத் தீர்வதில்லை. எங்கள் பிள்ளைக்கு அறுவை செய்தபோது மற்றொரு பூனைக்குட்டியின் கண் தைக்கப்படவில்லை. இனி ஆயிரம் குழந்தைகளுக்குச் செய்யினும் தைக்கப்பட வேண்டுவதில்லை. அந்தப் பயனை மறுத்து, பிள்ளையைக் குருடனாக வளர்த்திருந்தால் எந்தக் குட்டிக்கும் கண் திரும்பியிராது. துன்புற்ற உயிர்களின் எண்ணிக்கை ஒன்று கூடியிருக்கும். ஆகவே பயன் கொள்வது மட்டுமே உடன்பாடு ஆகாது என்று கொள்கிறேன்.

உடன்பாடு வேறோர் இடத்தில் புகுகிறது. "அது மாபெரும் ஆய்வு, வேறு வழியே இல்லை, நன்மைக்காகத்தானே" என்று நாம் சொல்லும்போது புகுகிறது. அந்தச் சொல் பழைய குட்டிக்கு ஒன்றும் செய்வதில்லை. அடுத்த குட்டிக்கு ஆணை இடுவது அதுவே. வேறு வழி இல்லை என்பதை ஆராய்ந்து சொன்னோமா, ஆராயாமல் சொன்னோமா என்பதே வினா.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். இத்துறையில் இருந்த இங்கிலாந்து ஆய்வாளர் காலின் பிளேக்மோர், பூனைக்குட்டிகளை வைத்துப் பார்வை வளர்ச்சியை ஆராய்ந்தவர். 1987 முதல் பத்தாண்டுகளுக்கும் மேலாக அவருக்கும் அவர் மனைவி மக்களுக்கும் உயிர்களின் பெயரால் கொலை மிரட்டல்கள் வந்தன. வெடிபொருள் வைத்த பொதிகளும் வந்தன. விலங்குக்கு இரங்கி மனிதர் வீட்டுக்கு வெடிகுண்டு அனுப்புவது எந்த அறத்தில் சேரும்? அதனைக் கேள்வியுற்று "நன்றாயிற்று" என்று ஒரு நொடி நினைத்தாலும் அதுவும் உடன்பாடே.

சரி, வேறு வழி இருந்ததா? குழந்தையின் மூளையை ஆராய்வதில் உள்ள இடர்ப்பாட்டை முதலில் உணர வேண்டும். வளர்ந்தவனைப் போல அது தன்னிடம் நிகழ்வதைச் சொல்லாது. இசைவும் தராது, மறுக்கவும் தெரியாது. அதன் மூளையைத் திறந்து பார்த்தல் கூடாது. ஒரு குழந்தைக்கு ஒளியையோ அன்பையோ மறுத்து, மற்றொன்றுக்குக் கொடுத்து, இரண்டையும் ஒப்பிடுதல் நினைக்கவும் ஒண்ணாத கொடுமை. ஆனால் ஒப்பிடாமல் காரணம் தெரிவதில்லை. இந்த முடிச்சில்தான் எல்லாரும் சிக்கினர்.

சிலர் இறந்தோரிடமிருந்து கற்றனர். சிகாகோ நகரில் குழந்தை நரம்பியல் மருத்துவராக இருந்த பீட்டர் ஹட்டன்லாக்கர், பிறந்த குழந்தை முதல் 90 வயது முதியவர் வரை 21 பேரின் மூளைகளை அவர்கள் இறந்த பின் ஆராய்ந்து 1979இல் எழுதினார். மின்னணு நுண்ணோக்கியின் கீழ் நரம்பிணைப்புகளை ஒவ்வொன்றாக எண்ணும் வேலை அது. மூளையின் முன்பகுதியில் ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் இணைப்புகளின் செறிவு வளர்ந்தோரைவிட ஏறத்தாழப் பாதி மடங்கு மிகுந்து நிற்கிறது. பின்னர், வளர வளர, குறைகிறது. மூளை வளர்வது செங்கல் அடுக்கி வீடு கட்டுவது போலன்று, மிகுதியாக முளைத்த நாற்றில் வேண்டாததைக் களைவது போல என்று இந்த எண்ணிக்கை காட்டியது. எந்த உயிரும் இதற்காகத் துன்புறவில்லை. ஆனால் 21 மூளைகள் 90 ஆண்டுகளுக்குப் பகிரப்பட்டால் ஒரு வயதுக்கு எத்தனை கிடைக்கும் என்று அன்பர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஒருவரையே பலமுறை காணவும் இயலாது. இறந்த குழந்தை ஒரு வயதிலேயே நின்றுவிடுகிறது.

வேறு சிலர், ஊழ் விளைத்த குறையிலிருந்து கற்றனர். கனடா நாட்டில் டாஃப்னி மாரர், டெரி லூயிஸ் என்னும் இரு பெண் அறிஞர்கள், கண்புரையோடு பிறந்து அறுவை பெற்ற குழந்தைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். புரை நீக்கி, முதன்முதலாகக் காட்சி தெளிந்த ஒரு மணி நேரத்துக்குள் பார்வைக் கூர்மை அளவிடத்தக்க வகையில் உயர்கிறது என்று 1999இல் அவர்கள் காட்டினர். ஒரு மணி நேரம்! அதே குழந்தைகள் வளர்ந்த பின், ஒரு முகத்தில் கண்ணுக்கும் மூக்குக்கும் உள்ள இடைவெளி சற்றே மாறினால் அதனைக் கண்டுகொள்ள இடர்ப்படுகின்றனர் என்று 2001இல் வெளியிட்டனர். முதல் சில மாதங்களின் இழப்பு பல்லாண்டு கடந்தும் எங்கோ ஒரு மூலையில் தங்குகிறது. எங்கள் பேரன் கூட்டத்தில் என்னைச் சில சமயம் குரல் கேட்ட பின்னரே இனங்கண்டுகொள்வான். அதற்கு இதுதான் காரணமோ என்று நான் நினைப்பதுண்டு.

இதைக் கொண்டு, பூனைக்குட்டிகள் இல்லாமலே எல்லாம் தெரிந்திருக்கும் என்று சொல்ல என் நா எழவில்லை. அந்தக் குழந்தைகளுக்கு முதல் மாதங்களிலேயே அறுவை செய்யப்பட்டதற்கே பூனைக்குட்டிகள் தந்த அறிவு ஒரு காரணம். ஆனால் அந்த அறிவு தவறாகவும் வழிகாட்டியது என்பதைப் பலர் சொல்வதில்லை. பருவம் கடந்தால் பயனில்லை என்ற பூனைப் பாடத்தை மனிதர்க்கும் அப்படியே கொண்டு, எட்டு, பத்து வயதான பார்வையற்ற சிறார்க்கு அறுவை செய்து பயன் என்ன என்று மருத்துவ உலகில் தயக்கம் நிலவியது.

அந்தத் தயக்கத்தை அசைத்தது நம் நாட்டில் நடந்த ஒரு பணி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக உள்ள பவன் சின்ஹா, 2002இல் தில்லிக்கு வந்தபோது கண்புரையால் பார்வை இழந்த சிறாரைச் சாலையோரத்தில் கண்டார். அதிலிருந்து பிறந்தது பிரகாஷ் திட்டம். சிற்றூர்களில் கண் பரிசோதனை முகாம்கள் நடத்தி, பார்வை பெறத்தக்க சிறாரைக் கண்டறிந்து, தில்லியிலுள்ள ஷ்ராஃப் அறக்கட்டளைக் கண் மருத்துவமனையில் அறுவை செய்வித்து, அதன் பின் அவர்கள் காணக் கற்கும் விதத்தை ஆராய்ந்தனர்.

மெய்யியலார் முந்நூறு ஆண்டுகளாக வாதிட்ட ஒரு வினாவுக்கும் இங்கே விடை கிடைத்தது. டப்ளின் நகரத்து வில்லியம் மோலினூ 1688இல் எழுப்பிய வினா அது. ஜான் லாக் தம் நூலின் 1694ஆம் ஆண்டுப் பதிப்பில் அதற்கு இடம் தந்தார். பிறவிக் குருடன் ஒருவன் உருண்டையையும் கனசதுரத்தையும் தொட்டு வேறுபடுத்தப் பழகியவன். அவனுக்குத் திடீரெனப் பார்வை வந்தால், தொடாமல் கண்ணாலேயே இது உருண்டை, இது சதுரம் என்று சொல்வானா? மோலினூவின் மனைவியார் பார்வை இழந்தவர் என்பதை நினைத்தால், இது வெறும் ஏட்டு வினா அன்று என்று தோன்றும். 8 முதல் 17 வயது வரையான ஐந்து பேரிடம் அறுவைக்குப் பின் உடனே சோதித்து, சொல்ல இயலவில்லை என்று 2011இல் வெளியிட்டனர். அதனோடு நிற்கவில்லை. சில நாள்களில் அவர்களுக்கு அத்திறன் வந்துவிட்டது. பார்வை முழுக் கூர்மை பெறவில்லை. ஆயினும் நடக்கவும் முகம் காணவும் உதவும் அளவுக்கு வளர்ந்தது. பூனை போட்ட கோடு மனிதக் குழந்தைக்கு அவ்வளவு கண்டிப்பானதன்று.

இத்திட்டத்தில் நான் மதிப்பது விடையை அன்று; வரிசையை. முதலில் கண், பின்னர் வினா. விடை கிடைக்காமற் போயிருந்தாலும் அந்தச் சிறார் பார்வை பெற்றிருப்பர்.

இந்த வரிசை எப்போதும் இவ்வளவு தெளிவாக அமைவதில்லை. ஊழ் விளைத்த துன்பத்தை ஆராய்பவன் கையால் ஊறு செய்யாதவன் ஆகலாம். ஆனால் உதவத்தக்க இடத்தில் ஏட்டைத் திறந்து குறிப்பெடுத்துக்கொண்டு நிற்பானாயின், அவனை என்னென்பது? ருமேனியா நாட்டில் நடந்த ஓர் ஆய்வு இவ்வினாவை எழுப்புகிறது. அந்நாட்டை ஆண்ட சௌசெஸ்கு 1966இல் கருக்கலைப்பைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தார். வளர்க்க வகையற்ற பெற்றோர் குழந்தைகளை அரசு விடுதிகளில் விட்டனர். 1989 டிசம்பரில் அவர் ஆட்சி கவிழ்ந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அவ்விடுதிகளில் இருந்தனர். உணவு உண்டு, கட்டில் உண்டு; தூக்கி எடுத்துக் கொஞ்ச ஆளில்லை. அழுதும் பயனில்லை என்று கற்றுக்கொண்ட குழந்தைகள் அழுவதையே விட்டனர் என்று கண்டு வந்தோர் எழுதியுள்ளனர்.

அந்நாட்டின் தலைநகராகிய புக்கரெஸ்டில் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா என்னும் மூன்று அமெரிக்கர் 2001இல் ஓர் ஆய்வைத் தொடங்கினர். 6 மாதம் முதல் 31 மாதம் வரையான 136 விடுதிக் குழந்தைகளைத் தேர்ந்தனர். குலுக்கல் முறையில் 68 பேரைத் தாங்களே ஏற்படுத்திப் பொருளுதவி செய்த வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினர். மற்ற 68 பேர் விடுதியிலேயே இருந்தனர். நாலரை வயதில் நுண்ணறிவு ஈவு அளந்தபோது விடுதிக் குழந்தைகளின் சராசரி 73, வளர்ப்புக் குடும்பத்தினருடையது 81. பெற்றோரோடு வளர்ந்த அந்நாட்டுக் குழந்தைகளுடையது 109. இரண்டு வயதுக்கு முன் குடும்பத்துக்குப் போனவர்கள் மிகுதியும் மீண்டனர். மூளையின் மின்னலைகளிலும் வேறுபாடு தென்பட்டது. அன்பு கிடைக்காத மூளை, ஒளி கிடைக்காத கண்ணைப் போன்றது என்பது 2007இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

அந்தக் குலுக்கலைப் பற்றிப் படித்த அன்று எனக்கு உணவு செல்லவில்லை. ஒரு சீட்டில் தாய் மடி, மறு சீட்டில் விடுதிக் கட்டில். ஆய்வாளர்கள் தரும் விளக்கம் உண்டு. அந்நகரில் அப்போது வளர்ப்புக் குடும்ப ஏற்பாடு இல்லையென்றே சொல்லலாம். அவர்கள் வராதிருந்தால் 136 பேரும் விடுதியிலேயே இருந்திருப்பர். விடுதியில் நின்ற எந்தக் குழந்தைக்காவது வேறு வழியில் குடும்பம் கிடைத்தால் அவர்கள் தடுக்கவில்லை. குலுக்காமல் தாமே தேர்ந்திருந்தால், நல்ல குழந்தைகளைப் பார்த்துப் பொறுக்கினீர்கள் என்று அரசு தள்ளிவிட்டிருக்கும். 2004இல் அந்நாடு, கடும் குறைபாடு உடையோர் நீங்கலாக, இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளை விடுதியில் சேர்ப்பதைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. இவையெல்லாம் உண்மை. அறிவு இவற்றை ஏற்கிறது. ஆயினும் பணம் உள்ள கையால் இன்னும் சில குடும்பங்களைத் தேடியிருக்கலாமே என்று நெஞ்சு சொல்கிறது. இதில் என்னால் ஒரு பக்கம் நின்று தீர்ப்புச் சொல்ல இயலவில்லை. குலுக்கலைக் குறை கூறும் நாம் அந்த நாட்டு விடுதிகளில் ஒரு குழந்தையையும் தூக்கி எடுத்ததில்லை என்பதையும் மறத்தலாகாது.

இக்காலத்தில் தீங்கற்ற கருவிகள் வந்துவிட்டனவே, இனி இடர் என்ன என்று கேட்கலாம். எம்.ஆர்.ஐ. கருவி கத்தியும் கதிரும் இன்றி உயிருள்ள மூளையைப் படம் பிடிக்கிறது. ஆனால் அதனுள் தலையை அசைக்காமல் கிடக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளையை அசையாமல் கிடத்திப் பார்த்தவர்க்கு இதன் அருமை தெரியும்! இந்த அசைவினால் ஒரு பெரும் பிழையே நேர்ந்தது. குழந்தை வளர வளர மூளையின் அருகிலுள்ள பகுதிகளுக்கிடையே தொடர்பு தளர்ந்து, தொலைவிலுள்ள பகுதிகளுக்கிடையே தொடர்பு வலுக்கிறது என்று சில ஆண்டுகள் சிறப்பாகப் பேசப்பட்டது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஸ்டீவன் பீட்டர்சன் குழுவினர் அக்கருத்தை முன்னின்று எழுதியவர்கள். 2012இல் அதே குழுவினர், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தலையசைவுகூட அத்தகைய தோற்றத்தை உண்டாக்கவல்லது என்று தாமே வெளியிட்டனர். குழந்தைகள் பெரியோரைவிட மிகுதியாக அசைகின்றனர். அந்த அசைவின் நிழலில் ஒரு பகுதியை வளர்ச்சி என்று வாசித்துவிட்டனர். அதே ஆண்டில் வேறு இரு குழுவினரும் இதனையே கண்டனர். தம் பெயருக்குப் பெருமை தந்த முடிவைத் தாமே ஐயுறுவது பொய்யாமையில் ஒரு கடினமான படி. குட்டிகளைப் பற்றிப் படித்துச் சோர்ந்திருந்த எனக்கு இது ஆறுதலாயிற்று.

தீங்கற்ற வழி மெதுவான வழியாகவும் இருக்கிறது. அமெரிக்காவில் 2016 முதல் 2018 வரை, ஒன்பது பத்து வயதுச் சிறார் 11,000க்கும் மேற்பட்டோரைச் சேர்த்து, அவர்கள் வளர வளர ஆண்டுக்கணக்கில் தொடரும் ஆய்வு ஒன்றைத் தொடங்கினர். பூனைக்குட்டி மூன்று மாதத்தில் சொன்னதை இவர்கள் பத்தாண்டு காத்திருந்து கேட்கின்றனர். காத்திருப்பதன் செலவு ஆய்வாளனுடையது. கேட்பவனே விலையையும் கொடுக்கிறான் என்பதால் இந்த வழி எனக்கு உவப்பாயிற்று.

கடந்த கோடை விடுமுறையில், அறுவை செய்த அதே மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது. சிசுப் பருவத்தில் கண்புரை நீக்கப்பெற்ற சிறாரின் மூளையைப் படம் எடுத்து ஆராய விரும்புகின்றனர். விருப்பமிருந்தால் வரலாம் என்று எழுதியிருந்தனர். பெற்றோர் கையொப்பம் இட்டனர். நானும் உடன் சென்றேன். பெற்றோர் இசைந்தது போதாது என்று ஓர் அம்மையார் பேரனைத் தனியே அமர்த்திக் கேட்டார். ஏழு வயது நிரம்பிய குழந்தையிடம் அதன் சொந்த இசைவையும் பெற வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வகுத்த நெறி. "வலிக்குமா?" என்று கேட்டான். வலிக்காது, ஆனால் ஓசை மிகுதியாக இருக்கும் என்றார். "இதனால் எனக்கு இன்னும் நன்றாகத் தெரியுமா?" என்றான். இல்லை தம்பி, உனக்கு ஒன்றும் கிடைக்காது. இனிப் பிறக்கும் குழந்தைகளுக்கு உதவலாம் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். சிறிது எண்ணிவிட்டுச் சரி என்றான். அவன் கையில் ஒரு ரப்பர்க் குமிழைக் கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் இதனை அழுத்து, உடனே வெளியே எடுத்துவிடுவோம் என்றார்.

கண்ணாடிக்கு அப்பால் நானும் தங்கையும் அமர்ந்திருந்தோம். பூனைக்குட்டிகளின் கதையை அவளுக்கு அன்றுதான் முதன்முதலாகச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கேட்டாள். "அதுகளுக்குத் தாய்ப்பூனை இருந்திருக்குமே அண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

ஆறேழு நிமிடம் சென்றிருக்கும். உள்ளே மணி ஒலித்தது. அவன் குமிழை அழுத்திவிட்டான். உடனே கருவி நின்றது. பலகை வெளியே வந்தது. ஏன் அழுத்தினாய் என்று யாரும் கேட்கவில்லை. மறுபடியும் ஒருமுறை முயலலாமா என்றும் வற்புறுத்தவில்லை. அந்த அம்மையார் அவன் கண்ணாடியை எடுத்துத் துடைத்து அவன் கையிலேயே கொடுத்தார். எடுத்தவரை உள்ள படங்கள் தலையசைவினால் கலங்கிவிட்டன, பயன்படா என்று பின்னர்ச் சொன்னார்கள். பொழுது சாய்வதற்குள் உண்டுவிட வேண்டும் என்று தங்கை விரைவுபடுத்தினாள். மருத்துவமனை வாயிலில் வேப்பமரத்தடியில் அமர்ந்து, கொண்டு சென்றிருந்த புளியோதரையை அவனுக்குப் பிரித்துக் கொடுத்தாள்.